கால்வாய மூடிட்டு மனை போடறாங்க

கிருஷ்ணகிரி பக்கம் எங்க ஊர்ல மாந்தோப்ப அழிச்சு போட்ட மனைகளுக்கு பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு ஓகே பண்ணிட்டாங்க, ஊரே எதிர்த்து மனு குடுத்தும் கேக்கல. வயிறு எரியுதுங்க. ஏரிக்கு தண்ணி போற கால்வாய செம்மண்ணு கொட்டி மூடி அதுமேலயே மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லு நட்டிருக்காங்க, எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே ஆபீஸ் நில அளவை வரைபடம்) எடுத்து பாத்தா அதுல அந்த கால்வாய் இன்னும் அப்படியே கெடக்குது. இவ்ளோ பெரிய லேஅவுட்டுன்னா ரோட்டுக்கு விட்டது போக மீதியில 10 சதவீதம் பொது இடம் விடணும், அதுக்கு காட்டியிருக்கறது வெறும் பாறை மேடு, புள்ளைங்க அங்க எப்படி விளையாடும்? மனை வாங்க வர்றவங்க தயவுசெஞ்சு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் ரெண்டையும் பாக்காம அட்வான்ஸ் குடுத்துறாதீங்க, பஞ்சாயத்து தீர்மானம் மட்டும் இருந்தா பத்தாது. அக்டோபர் 2 கிராம சபையில இத திரும்ப எழுப்பறோம், ஊர்க்காரங்க எல்லாரும் கண்டிப்பா வந்துருங்க.