எழுபது புள்ளி இரண்டு

ஆகஸ்ட் 7, வியாழன்

153 என்று எழுதிவிட்டாள் அந்தத் தாதி. 154 என்று சொன்னேன். "ஆன்ட்டி, கொண்டையை அவிழ்த்துட்டு நேரா நில்லுங்க" என்றாள். அவிழ்த்தேன். மறுபடியும் 153. பள்ளிக்கூடத்தில் அளந்தபோது 154.5, அதுவும் வெறுங்காலோடு. வயதானால் குறையுமாம். 49 எல்லாம் ஒரு வயதா?

எடை 74.2. ஒருங்கிணைப்பாளர் பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கான எடைக் குறியீடு, 31.7, சிவப்பு எழுத்தில். தம்பிக்கு என் சிறுநீரகத்தைக் கொடுக்க வேண்டுமென்றால், முப்பதுக்குக் கீழே வந்தால்தான் டாக்டர் அடுத்த சோதனைகளுக்கு அனுப்புவாராம். ரத்தப் பிரிவு சரி, திசுப் பொருத்தம் சரி, பிரஷர் சரி, சர்க்கரை சரி. எல்லாம் தாண்டி வந்து இடுப்பில் மாட்டிக்கொண்டது.

பேருந்தில் கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தேன். 1.53ஐ 1.53ஆல் பெருக்கி, அதை 30ஆல் பெருக்கினால் 70.2. என் உயரம் 154 என்று எழுதியிருந்தால் 71.1. ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ! அவளுக்கு என்ன, ஒரு கோடு கீழே பார்த்தாள். எனக்கு அது இரண்டு வாரச் சோறு.

தம்பி போன் செய்தான். எல்லாம் நல்லாத்தான் போகுது என்றேன்.

ஆகஸ்ட் 8

153!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகளை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். "ஆப்ல போட்டா வந்துடும்மா" என்கிறாள். எனக்கு ஆப் வேண்டாம், பென்சில் வேண்டும். உயரத்தின் வர்க்கம் 2.34. அதுதான் என் எண், இனி மாறாது (தாதி மனது வைத்தால் ஒழிய). அதை எந்தக் குறியீட்டால் பெருக்குகிறோமோ அந்தக் குறியீட்டுக்கான எடை வந்துவிடும்.

18.5க்கு 43.3 கிலோ. 22.9க்கு 53.6. இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஆபத்து குறைவு என்று சிங்கப்பூரில் சொல்கிறார்கள். 23இலிருந்து 27.4 வரை மிதமான ஆபத்து, 27.5இலிருந்து அதிக ஆபத்து. உலகத்துக்கு 25, 30 என்று இருக்கும் கோடுகளை இங்கே 2005இல் கீழே இறக்கினார்கள். அதே பிஎம்ஐயில் நம் ஆட்களுக்குக் கொழுப்பு அதிகம், சர்க்கரையும் இதயநோயும் முன்னாலேயே வந்து கதவைத் தட்டும் என்பதால்.

53.6! கல்யாணத்தின்போதே நான் 56. 43.3 கிலோவில் போய் நின்றால் அம்மா ஒப்பாரி வைத்துவிடுவாள்.

இதைக் கண்டுபிடித்தவர் டாக்டரே இல்லையாம். கெட்லே என்ற பெல்ஜியக்காரர், வானியலும் புள்ளியியலும் பார்த்தவர், 1830களில் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடியபோது எடைக்கும் உயரத்தின் வர்க்கத்துக்கும் உள்ள உறவைக் கவனித்திருக்கிறார். பிஎம்ஐ என்று பெயர் வைத்தது அமெரிக்காவின் ஆன்சல் கீஸ், 1972இல். நட்சத்திரம் பார்த்தவரின் கணக்கு எங்கள் பேட்டை ஆங் மோ கியோவில் என் சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவர் தேடியது சராசரியை. என்னை யாரும் தேடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தம்பியோடு டயாலிசிஸுக்குப் போயிருந்தேன், இவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. நாலு மணி நேரம். அந்த அறைக்குள் நுழைந்ததும் அவனும் முதலில் தராசில்தான் ஏறுகிறான். 64.1. அவனுடைய ட்ரை வெயிட், அதாவது கூடுதல் தண்ணீர் நீங்கிய எடை, 61.5. நடுவில் இருப்பதெல்லாம் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு குடித்த தண்ணீர், ரசம், தயிர்சாதத்துக்குள் ஒளிந்து வந்த தண்ணீர். வெளியே போக வழியில்லாத தண்ணீர். இயந்திரம் உறிஞ்சி எடுக்கிறது. வெளியே வரும்போது 61.6.

"பாருக்கா, நாலு மணி நேரத்துல ரெண்டரை கிலோ. நீ ரெண்டு மாசம் கஷ்டப்படணும்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அவன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், போட்டிருக்கக் கூடாது. உயரம் 170. பிஎம்ஐ 21.3. பச்சைக் கட்டத்தின் நட்ட நடுவில்.

ஆகஸ்ட் 19

73.1. யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் எழுந்ததும் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றேன், இவர் தலைமேல் புத்தகம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். 153.8. ராத்திரி பத்து மணிக்கு மறுபடி நின்றேன். 152.7. இவர் சரியாகப் பிடிக்கவில்லை என்று சண்டை போட்டுத் திரும்ப அளந்தோம். அதேதான்.

மகள் தேடிச் சொன்னாள்: முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் நாள் முழுக்க நம் பாரத்தில் அமுங்குமாம், ராத்திரி படுத்தால் நீர் ஏறிப் பழையபடி உப்புமாம். எல்லோரும் சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர் குள்ளம்.

அன்றைக்கு என்னை அளந்தது மாலை நாலே காலுக்கு! அடுத்த அப்பாயின்ட்மென்ட் காலையில்தான். முதல் ஆளாக.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு நாளைக்கு 500 குறைத்தால் வாரம் அரைக் கிலோ. தாளில் எழுதும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது. கோப்பிக்கடையில் நிற்கும்போது அந்த 500 எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. கட்டிப்பால் ஊற்றிய தே இப்போது தே சி கோசோங், சர்க்கரை இல்லாமல் ஆவியூட்டிய பால் மட்டும். முதல் வாரம் மருந்து மாதிரி இருந்தது, இப்போது பழைய தே தித்திக்கிறது. பரோட்டாவை விட்டாயிற்று. ராத்திரி சோறு கைப்பிடி அளவு, மீதித் தட்டில் கீரையும் பயறும். தோசையை விடமாட்டேன். ஒன்று, எண்ணெய் இல்லாமல். அதையும் விடச் சொன்னால் தம்பியிடமே போய்ச் சொல்லுங்கள்.

சாயங்காலம் பீஷான் பூங்காவில் ஆற்றோரமாக நடை. காலாங் ஆற்றை அங்கே சிமெண்டுக் கால்வாயிலிருந்து விடுவித்து வளைந்து ஓட விட்டிருக்கிறார்கள். நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது, எல்லோரும் நின்று படமெடுத்தார்கள். நிற்காமல் நடந்தேன். பொறாமைதான்.

செப்டம்பர் 11

72.0. போன வாரமும் 72.0. அதற்கு முந்தைய வாரம் 71.9.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு கிராம்கூட இறங்கவில்லை. தராசை மாடிப்படிப் பக்கம், சமையலறை, குளியலறை என்று மாற்றி மாற்றி வைத்தேன். குளியலறையில் 71.6 காட்டியது, தரை சாய்வு. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.

இடுப்பை அளந்தேன். 91. ஆகஸ்டில் 94. பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டுமாம், ஆண்களுக்கு 90. உண்மையில் பார்க்க வேண்டியது வயிற்றுக் கொழுப்பைத்தான், பிஎம்ஐக்குத் தசையும் ஒன்று கொழுப்பும் ஒன்று. அப்படியென்றால் இந்த மூன்று சென்டிமீட்டரை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்? அந்தத் திரையில் இடுப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் முதல் சுற்றிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். "அண்ணி, எப்படி இருக்கீங்க" என்று கேட்டாள். எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்று தெரிந்தது. நானும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசினோம்.

செப்டம்பர் 18, வியாழன்

புரட்டாசி பிறந்தது. அம்மாவுக்கு ஒரே நிம்மதி. "ஒரு மாசம் சைவம். தானா இறங்கிடும் பாரு." தோ பாயோவில் அம்மா கையால் சைவம் என்றால் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வடை, பாயசம், அப்புறம் "கொஞ்சம் தயிருக்கு" இன்னொரு கரண்டி சோறு. மீன் குழம்பும் முட்டைக்கோசுமாக ஆவணியில் இறங்கியதெல்லாம் புரட்டாசியில் ஏறிவிடும்.

இன்றைக்குக் கத்திவிட்டேன். "ஒரு பிள்ளைக்குத் தண்ணி கொடுக்காதேன்னு சொல்றாங்க, ஒரு பிள்ளைக்குச் சோறு போடாதேன்னு சொல்றாங்க. அப்ப நான் என்னதான் செய்யறது?" என்று அம்மா கேட்டாள். பதில் இல்லை. தட்டைக் கழுவிவைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 21

டயாலிசிஸுக்காகத் தம்பியின் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துவைத்திருந்த ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

71.2.

செப்டம்பர் 27, சனி

அடுத்த வெள்ளிக்கிழமை தராசு. இப்போது 70.6.

கூட வேலை செய்யும் சீனப் பெண் வழி சொன்னாள். அவள் தம்பி குத்துச்சண்டை பழகியவனாம், போட்டிக்கு முன்னால் தண்ணீரை நிறுத்திவிட்டால் ஒன்றரை கிலோ இறங்கிவிடுமாம். ராத்திரி பூராவும் அதையே நினைத்தேன். ஒரே ஒரு நாள், யாருக்குத் தெரியப் போகிறது?

ஆனால் அதே காலையில் ரத்தமும் எடுப்பார்கள். உடம்பு வற்றினால் கிரியாட்டினின், சிறுநீரகம் வடிகட்டும் கழிவு, ஏறும். எதற்காக இந்தப் பாடெல்லாம் படுகிறேனோ அதுவே மோசம் என்று தாளில் வந்து நிற்கும். முந்தைய நாள் முழுக்க, 24 மணி நேரம், சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பெரிய போத்தலில் பிடித்துக் கொண்டுவரவும் சொல்லியிருக்கிறார்கள். போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்குமே என்று மகள் இப்போதே முகத்தைச் சுளிக்கிறாள்.

மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போனேன். பனிக்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் கிடையாது, குழம்பு, மருந்துத் தண்ணீர் எல்லாம் சேர்த்து. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, நட்சத்திரப்பழம் விஷம். நான் வியர்த்து வழிந்துகொண்டு போனேன். அவன் எழுந்து போய்ப் பெரிய கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். முழுக்கக் குடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு?" என்றான்.

குடித்தேன்.

அக்டோபர் 1

சரஸ்வதி பூஜை. சுண்டல் மட்டும். தராசுக்கும் பொட்டு வைத்திருக்கிறாள் என் மகள்.

அக்டோபர் 3, வெள்ளி

காலை 8.10க்கு முதல் ஆள் நான்தான். ராத்திரி ஒன்பதுக்கே படுத்துவிட்டேன், காலையில் டாக்சியில் போனேன், காத்திருக்கும்போது சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன். பின்னல், கொண்டை இல்லை.

153.5.

அரை சென்டிமீட்டர்! வேறு தாதி. எடை 69.6. பிஎம்ஐ 29.5. பழைய 153 என்று வைத்தாலும் 29.7தான், அந்த அரை இல்லாமலே தாண்டியிருப்பேன். இருந்தாலும் அந்த அரையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டாக்டர் கைகொடுத்தார். அப்புறம் உட்காரச் சொன்னார். முப்பது என்பது அறுவைச் சிகிச்சைக்கு அவர்கள் வைத்திருக்கும் கோடாம், மயக்க மருந்து, காயம் ஆறுவது, இதற்கெல்லாம். அதற்குப் பிறகு நான் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நாற்பது வருடம் இருக்க வேண்டும். மிச்சமிருப்பது கொஞ்சம் பெரிதாகிக் கூடுதல் வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் எடையும் பிரஷரும் சர்க்கரையும் ஏறினால் அதற்குத்தான் அடி. "27.5க்குக் கீழே போங்க. முடிஞ்சா 25."

27.5க்கு 64.8. 25க்கு 58.9. ரயிலில் போட்டேன்.

அக்டோபர் 4

கோபமாக இருக்கிறது. தேர்வு முடிந்தது என்று வெளியே வந்தவளிடம் இன்னொரு தாளை நீட்டின மாதிரி. 70.2 அவனுக்காக என்று தெரிந்தபோது சோற்றைத் தள்ளிவைக்க முடிந்தது. 64.8 எனக்காக. எனக்காக என்றதும் கை தானாகத் தட்டுக்குப் போகிறது.

53.6ஐப் பற்றி அவர் பேசவே இல்லை. நல்ல மனிதர்.

அக்டோபர் 12, ஞாயிறு

சிராங்கூன் சாலையில் காலெடுத்துவைக்க இடமில்லை. அகல்விளக்கு, மகளுக்குச் சுடிதார், அம்மாவுக்குப் புடவை. எனக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கவில்லை. எந்த அளவுக்குத் தைப்பது? தையல்காரர் அக்கா பழைய அளவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உடம்புக்கு ஏதாச்சும் முடியலையாம்மா?" ஐந்து கிலோ குறைந்தால் ஊர் கேட்கிற கேள்வி இதுதான்.

உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் நேர்காணலுக்குத் தேதி வந்துவிட்டது, தீபாவளிக்கு அடுத்த வாரம். மூன்று பேர், அதில் ஒருவர் மருத்துவரே இல்லை. யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் ஏதும் கைமாறியதா என்று கேட்பார்களாம். இவர் என்னை வைத்துப் பழக்கினார். "பணம் வாங்கினீர்களா?" 1989இல் என் உண்டியலிலிருந்து ஐந்து வெள்ளி எடுத்தவன் இன்னும் தரவில்லை, அதைச் சொல்லலாமா என்றேன். அப்படியெல்லாம் உளறாதே என்றார். "கணவர் சம்மதிக்கிறாரா?" என்று அடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு அவரே எழுந்து பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

69.3.

அக்டோபர் 14

முறுக்கு டின் மூன்று வந்திருக்கிறது. மகள் அலமாரிமேல் ஏற்றிவிட்டாள், 153க்கு எட்டாத உயரத்தில்.

அக்டோபர் 16, வியாழன்

68.9. இப்படியே போனால் பொங்கலுக்குள் 64.8 வந்துவிடும் என்று மகள் கோடு போட்டுக் காட்டினாள். தீபாவளி வாரத்துக்கு ஒரு மேடு வரைந்திருக்கிறாள், அக்கறையாக.

தம்பி டயாலிசிஸுக்குப் போனவன் பாதியில் குளிர் நடுக்கம் என்று நிறுத்திவிட்டார்களாம். காய்ச்சல் 38.6. கழுத்துக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகிறார்கள். நேர்காணல் தேதி என்ன ஆகும் என்று கேட்க இது நேரமில்லை. இவர் கீழே வண்டியை எடுக்கிறார். அம்மாவைத் தோ பாயோவில் ஏற்றிக்கொண்டு