முழங்கால் மாதிரி: கடைசித் திருகல் வந்துவிட்டது

மர முழங்கால் இன்று சரியாகப் பூட்டிக்கொண்டது! மடக்கிய காலை நீட்டிக்கொண்டே வந்தால், கடைசி 20 டிகிரி வாக்கில் கீழ்க்கால் எலும்பு தானாகவே வெளிப்பக்கம் சற்றுத் திருகி இறுகி நிற்கிறது. நாம் நெடுநேரம் நிற்கும்போது தொடைத்தசைக்கு அதிக வேலை வைக்காத அதே பூட்டு. பள்ளி மாதிரிகளில் கதவுக் கீலை மாட்டி 'கீல் மூட்டு' என்று எழுதிவிடுகிறார்கள். முழங்காலின் பாதி அழகு அதிலேயே போய்விடுகிறது.

செதுக்கலில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். தொடை எலும்பின் அடியில் இருக்கும் இரண்டு குமிழ்களில் உட்பக்கக் குமிழின் வளைவு நீளமாக இருக்க வேண்டும். வெளிக்குமிழ் உருண்டு முடித்த பிறகும் உட்குமிழுக்கு ஓட இடம் மிச்சம் இருக்கும். திருகலுக்கு முக்கியக் காரணமே அதுதான்.

உயிரை எடுத்தவை சிலுவைத் தசைநார்கள், அதாவது மூட்டுக்குள் முன்னும் பின்னுமாகக் குறுக்கே ஓடி, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிப்போடும் இரண்டு நார்கள். தங்கூசி இழுக்க இழுக்க நீண்டது. சைக்கிள் பிரேக் கம்பி நீளவில்லை, ஆனால் வளைய மறுத்தது. சென்னை பெரியமேட்டில் தோல் பை தைப்பவர்கள் வாங்கும் மெழுகு நூலில்தான் பிடி கிடைத்தது. அப்போதும் முன் சிலுவையை ஒரே புரியாகக் கட்டினால், நீட்டும்போது இறுகுவது மடக்கும்போது தொளதொளக்கிறது. நிஜத்தில் அது இரண்டு கற்றை: ஒன்று மடக்கும்போது இறுகும், மற்றது நீட்டும்போது இறுகும். அதேபோல் இரண்டு புரியாகப் பிரித்து, வெளிக்குமிழின் உட்சுவரில் பின்பக்கமாகத் தனித்தனித் துளையில் கட்டியதும் மூட்டுக்கு உயிர் வந்தது. அந்தத் துளை இரண்டு மில்லிமீட்டர் முன்னே போனாலும் முழுதாக மடங்காது. எம்-சீல் வைத்து அடைத்து, மறுபடி துளைத்து, மறுபடி அடைத்து... அந்தச் சுவர் முழுக்க இப்போது தழும்பு.

மெனிஸ்கஸுக்கு, அதாவது இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புக்கு, சிலிக்கான் தகடு. இணையத்தில் 2 மி.மீ. என்று வாங்கியது 3 மி.மீ. ஆக வந்தது, உப்புத்தாளில் தேய்த்தே கை ஓய்ந்தது. தகட்டை நேரில் அளந்து வாங்குங்கள். உட்பக்கத்துக்கு 'C' வடிவம், வெளிப்பக்கத்துக்குக் கிட்டத்தட்ட வட்டம். வெளிப்பக்கத்ததை இறுக்கி ஒட்டாதீர்கள், அது நகர வேண்டும்.

சரி, முழங்கால் சில்லு இன்னும் வைக்கவில்லை. பூட்டைத் திறக்கும் பாப்லிட்டியஸ் தசைக்கு எலாஸ்டிக்கும் கட்டவில்லை. அதற்குள் மனசு கட்டைவிரல் அடியில் இருக்கும் சேண மூட்டுக்குப் போய்விட்டது. இரண்டு பரப்பும் ஒன்றுக்கொன்று குறுக்காக வளைந்து உட்காரும் அந்தப் பொருத்தத்தை மரத்தில் கொண்டுவர வேண்டும், வேப்பங்கட்டை அறுத்தாயிற்று. அப்புறம்தான் சில்லு.