எந்த ஊரில் இறங்குவது

ஆகஸ்ட் 17

பவானிசாகர் அணை 98 அடி. அப்பா 95.

இரண்டையும் ஒரே நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். அணைக் கணக்கு அவருக்கு, விரலில் கருவி மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் கணக்கு எனக்கு.

ஆகஸ்ட் 18

நீலகிரிக்குப் போக டாக்டர் ஒத்துக்கொண்டார், முழு மனதோடு இல்லை. பகலில் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போய் வாருங்கள், ராத்திரி தூங்குகிற இடம் மட்டும் கீழே இருக்கட்டும் என்றார். தூக்கத்தில் மூச்சு தானாகவே மெலியுமாம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவது பெரும்பாலும் அப்போதுதானாம். 88க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் விடியும்வரை காத்திருக்காமல் இறங்கிவிட வேண்டும்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "அங்கிருந்து அணை தெரியுமில்ல அம்மிணி?"

ஆகஸ்ட் 20

தம்பி ஊட்டி என்கிறான். மலைக்குப் போகிறோம் என்றால் அவனுக்கு ஊட்டிதான். ஏரி, பூங்கா, தொட்டபெட்டா எல்லாம் கைக்கெட்டும் தூரம், பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான் என்கிறான். ஆஸ்பத்திரி விஷயத்தில் அவன் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குன்னூர் 1,850, கோத்தகிரி 1,800க்குக் கொஞ்சம் கீழே. அங்கே ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும். நானூறு மீட்டர்தானே என்கிறான் தம்பி. அந்த நானூறு மீட்டர் அப்பாவின் நெஞ்சுக்குள் எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் மழை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, ஊட்டி என்று மேற்கே இருந்து கொட்டிக்கொண்டு வருகிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டருக்கு எழும்பிக் குறுக்கே நிற்பதால் கோத்தகிரிப் பக்கம் அதில் மிச்சம்தான் விழும். அந்த ஊருக்குப் பெருமழை ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழையில். ஆகவே செப்டம்பர் முதலிலேயே போய்விட வேண்டும். ஐப்பசிக்குத் தள்ளினால் மண்சரிவு, சாலை அடைப்பு என்று தினமும் செய்தி பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

ஆகஸ்ட் 21

அணை 98 அடி. அப்பா 94. மதியம் 95.

ஆகஸ்ட் 23

தங்குமிடங்களைப் பார்க்கப் பார்க்க மனசு சோர்ந்துபோகிறது. எல்லாப் படத்திலும் பள்ளத்தாக்கு தெரிகிறது, பால்கனி தெரிகிறது, ஆவி பறக்கிற தேநீர்க் கோப்பை தெரிகிறது. படி தெரிவதில்லை. மலையில் வீடு என்றால் சாலைக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். சமமாக இருக்கிற வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இன்று கூப்பிட்ட இடங்களிலெல்லாம் ஒரே கேள்வி கேட்டேன்: "வண்டி நிற்கிற இடத்திலிருந்து கட்டில்வரைக்கும் எத்தனை படிங்க?" குன்னூரில் ஒருவர் "கொஞ்சம்தாங்க" என்றார். கொஞ்சம் என்றால் எத்தனை? எண்ணிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார், நாற்பத்திரண்டு. எண்ணிச் சொன்னாரே, அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும். அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

தம்பியோடு சண்டை. மலை ரயிலுக்காக. அம்மாவை ஒரு தடவைகூட அதில் ஏற்றவில்லை என்று அவனுக்குள் கிடக்கிறது. அது எனக்கும் கிடக்கிறது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை நீராவி இன்ஜின். 1899இல் திறந்த அந்தப் பாதையில் பல்சக்கரம் கடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும், பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். குகைக்குள் நுழையும்போது புகை பெட்டிக்குள் வரும். அந்தப் புகையில் அப்பாவை உட்காரவைக்க என்னால் ஆகாது.

ராத்திரி அவனே போன் செய்தான். "அக்கா, குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜினாம். அதிலே போலாமா?" குன்னூரில் ஏறி வெலிங்டன், அரவங்காடு, கேத்தி வரை. கேத்தியில் இறங்கிவிடலாம். சரி என்றேன்.

ஆகஸ்ட் 27

கோத்தகிரி. முடிவு செய்துவிட்டேன்.

அணை தெரிகிற கொடநாடு காட்சிமுனை அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர். ஊட்டியில் தங்கினால் கோத்தகிரியைத் தாண்டித்தான் கொடநாடு போக வேண்டும்; போக வர அரைநாள் வளைவுகளிலேயே போய்விடும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம், அதற்கு மேல் முடியாது. பார்க்க வேண்டியது அதிகம் இருக்கிற ஊர் எங்களுக்கு எதற்கு? அவர் பார்க்க வேண்டியதற்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் போதும். அவரால் எங்கேயும் கிளம்ப முடியாத நாளிலும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் ஏதாவது நடக்கிற வாசல் வேண்டும். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819இல் ஏறிவந்து முதலில் வீடு கட்டியதும் இந்தப் பக்கம்தான், கன்னேரிமுக்கில். ஊட்டி அதற்கப்புறம்தான்.

வீட்டுக்கார அம்மா படுகர். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டுவீடு. "மூணு படிதாம்மா. அதுக்கும் பக்கத்துல சாய்தளம் போட்டிருக்கு, எங்க மாமனாருக்குப் போட்டது." போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆகஸ்ட் 28

மலைக்கு வண்டி ஏற இ-பாஸ் எடுத்தாயிற்று. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவில் வந்தது, இன்னும் இருக்கிறது. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி. கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது கை நடுங்கியது.

ஆகஸ்ட் 31

அணை 97 அடி. அப்பா 93.

93. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். போகலாமா?

செப்டம்பர் 2

95. போகலாம்.

அப்பா பையைத் தானே அடுக்கியிருக்கிறார். இரண்டு வேட்டி, மாத்திரை டப்பா, பழுப்பு நிறச் சால்வை. அது அம்மாவுடையது. நான் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 5

வந்து சேர்ந்தோம். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் பாஸ் பார்த்தார்கள், தண்ணீர் பாட்டிலையும் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில் மேலே ஏறக்கூடாது. அப்பாவின் வெந்நீர் பிளாஸ்கைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டார்கள். ஏறும்போது ஜன்னலை இறக்கச் சொன்னார். பாக்குமரம் போய், பலாமரம் போய், ஒரு திருப்பத்தில் சட்டென்று குளிர் வந்து முகத்தில் அடித்தது.

சாயங்காலம் 92. ஆறு மணிக்கு மேல் வெளியே நடமாடாதீர்கள், கரடி வரும் என்றார் அந்தம்மா.

செப்டம்பர் 6

ராத்திரி ஒரு மணிக்கு 90. மூன்று மணிக்கு 90. ஐந்து மணிக்கு 91.

எங்கும் போகவில்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், சால்வை மடியில். எதிரே சரிவில் நாலு பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்கு நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். பத்து மணிவாக்கில் காட்டுமாடு ஒன்று வந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக, காலுறை போட்டதுபோல. பெண்கள் வேலையை நிறுத்தவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டார்கள். அதுவும் தன் பாட்டுக்குச் செடிக்கு நடுவிலிருந்த வழியில் இறங்கிப் போனது.

மதியம் பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார் அப்பா. பசுந்தேயிலை கிலோ என்ன விலை, தொழிற்சாலையில் எத்தனை நாளில் காசு கொடுக்கிறார்கள், கவாத்து எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். மஞ்சளுக்கு விலை விழுந்த வருஷத்தை இவர் சொன்னார், அவர் தேயிலைக்கு விழுந்ததைச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 7

கொடநாடு. மூடுபனி. கம்பிக்கு அப்பால் வெள்ளை தவிர வேறொன்றும் இல்லை.

அப்பா அரைமணி நேரம் நின்றார். வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

செப்டம்பர் 8

தம்பியும் அப்பாவும் ரயில். நான் வண்டியில் கேத்திக்குப் போய் நின்றேன். பெட்டியிலிருந்து தம்பி முதலில் இறங்கினான், கண் சிவந்திருந்தது. அப்பா சால்வையைத் தோளில் போட்டிருந்தார்.

92.

செப்டம்பர் 9

காலையில் நான் மட்டும் லாங்வுட் சோலைக்குப் போய் வந்தேன், ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். நூறு ஹெக்டேருக்குச் சற்று மேலே, அவ்வளவு சின்னக் காடு. சுற்றி எல்லாப் பக்கமும் தேயிலையும் வீடும். உள்ளே போனதும் வெளிச்சமே மாறிவிடுகிறது. மரமெல்லாம் பாசி. சருகை விரலால் கிளறினேன், மேலே காய்ந்திருந்தது, இரண்டு விரற்கடை கீழே சொதசொதவென்று ஈரம். மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது, ஒரு ஓரத்தில் நீர் இன்னும் கசிந்துகொண்டே இருந்தது. சோலை பெய்த மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தொட்டுப் பார்த்தது இன்றைக்குத்தான். அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நம்ம வாய்க்காலுக்கு மதகு இங்கியே இருக்குதுன்னு சொல்லு" என்றார்.

நாளை விடிகாலையில் திரும்பக் கொடநாடு. வீட்டுக்கார அம்மா வானத்தைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள் என்றார்.

செப்டம்பர் 10

தெரிந்தது.

ஆறரைக்குப் போய்விட்டோம். வண்டி நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் நடை, தம்பி மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கம்பிக்கு அப்பால் மலை அப்படியே அறுந்து விழுகிறது. அடியில் மாயாறு. பைக்காராவாக மேற்கே இறங்கி, மைசூர்ப் பக்கத்து மேட்டுக்கும் நீலகிரிக்கும் நடுவிலான பள்ளத்தில் ஓடிவருகிற அதே தண்ணீர். அதன் கரையில் பச்சைச் சதுரங்களாகத் தெங்குமரஹாடா. பரிசலில் ஆற்றைக் கடந்துதான் அந்த ஊருக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் ரங்கசாமி தூண் என்கிற பாறை தனியாக நிமிர்ந்து நிற்கிறது. கிழக்கே தூரத்தில், வெயில் பட்டதும், பவானிசாகர்.

அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் விரலை நீட்டிக் கணக்குப் போட ஆரம்பித்தார். பவானி அந்தப் பக்கமிருந்து, மாயாறு இந்தப் பக்கமிருந்து, இரண்டும் அங்கே சேர்கிறது. அணைக்கு அடியிலிருந்து கீழ்பவானி வாய்க்கால், 124 மைல். இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர். ஒரு வருஷம் ஒற்றைப்படை மதகுக்கு நெல், இரட்டைப்படைக்குப் புஞ்சை. அடுத்த வருஷம் மாற்றி. "நம்முது இரட்டைப்படை. தண்ணி உடலீன்னா ராத்திரியெல்லாம் உங்கம்மாளுந்தான் முழிச்சிருப்பா" என்றார். அணை 1955இல் முடிந்தது, இவர் பிறந்ததும் அதற்குக் கொஞ்சம் பின்னால்தான். வயசெல்லாம் அந்தத் தண்ணீரைக் குடித்து, அந்தத் தண்ணீருக்குக் காத்திருந்து, அது வருகிற வழியை இன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார்.

"நம்ம ஊரு எந்தப் பக்கம்?" தம்பி போனில் திசை பார்த்துக் காட்டினான். அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார நாற்காலியை மாற்றிப் போடச் சொன்னார்.

விரல் சில்லிட்டிருந்தது, கருவி 86 காட்டியது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டும் என்று சொல்லியிருந்தார்கள். கையை என் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தேன். 91.

செப்டம்பர் 11

தூங்கிக்கொண்டே இருக்கிறார். ராத்திரி முழுக்கப் பார்த்தேன், 90க்குக் கீழே இறங்கவில்லை.

செப்டம்பர் 12

நாளை கிளம்ப வேண்டும். அப்பா, இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமா என்று கேட்டார், என்னிடம் இல்லை, தம்பியிடம். அறை காலியாகத்தான் இருக்கிறது என்கிறார் அந்தம்மா. மாத்திரை நாளை மறுநாள் வரைக்கும்தான் இருக்கிறது. கடைவீதியில் அதே பெயரில் கிடைக்குமா என்று விசாரிக்கத் தம்பி போயிருக்கிறான். டாக்டருக்கு எண்களையெல்லாம் அனுப்பிவிட்டேன், மதியத்துக்குள் கூப்பிடுகிறேன் என்றார். சரி என்றால் பாஸில் தேதியையும் பார்க்க வேண்டும்.