டெப்புக்கு டெஸ்க்டொப் வேண்டாம், போல்டர் வேண்டும்

ஐபேட்டில் மெக் கணினியின் இயங்குதளத்தையே போட்டுக் கொடுங்கள், அண்ட்ரொய்ட் டெப் எல்லாம் வின்டோஸ் மாதிரி ஆகட்டும் என்று புது மொடல் வரும்போதெல்லாம் ஒரு கூட்டம் கேட்கும். உடனே மற்றப் பக்கத்தில் இருந்து, டெப் என்றால் விரலால் தொட்டுப் பாவிக்கிற சாமான், அதற்குள் விண்டோவும் மெனுவும் போல்டரும் எதற்கு, எளிமையாக இருக்கட்டும் விடுங்கள் என்று பதில் வரும். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறவன். என்னிடம் வருகிறவர்கள் பலருக்கு வீட்டில் இருக்கிற ஒரே கணினி அந்த டெப்தான். லெப்டொப் கிடையாது, வாங்கும் யோசனையும் இப்போதைக்குக் கிடையாது. அவர்கள் பக்கம் நின்று பார்க்கும்போது இந்த ரெண்டு கூட்டத்தின் மேலும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் விண்டோவும் ஐகனுமாக இருக்கிற டெஸ்க்டொப் தோற்றத்தையும், பைல்களை போல்டரில் அடுக்கிவைக்கிற பைல் நிர்வாகத்தையும் பிரிக்கவே முடியாத ஒரே விஷயமாக நினைத்துத்தான் ரெண்டு பக்கமும் பேசுகிறார்கள். டெஸ்க்டொப் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் நன்றாகவே சமாளிப்பார்கள். போல்டர் இல்லாமல்தான் தடுமாறுகிறார்கள்.

ரெண்டும் வேறு வேறு என்பது கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தாலே தெரியும். போல்டருக்குள் போல்டர் வைத்து பைல்களை அடுக்குகிற முறை 1960களில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு வந்தது, அங்கிருந்து யுனிக்ஸ் எடுத்துக்கொண்டது. அதைப் பாவித்தவர்களுக்கு முன்னால் விண்டோவும் இல்லை ஐகனும் இல்லை, டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரத்தில் கட்டளையை அடிப்பார்கள், பதில் காகிதத்தில் அச்சாகி வரும். மேசை மாதிரித் தோற்றம், ஐகன், விண்டோ என்பதெல்லாம் 1970களில் ஸெரொக்ஸின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து, 1981இல் ஸ்டார் என்ற கணினியில் விற்பனைக்கு வந்து, 1984இல் மெக்கின்டொஷ் வந்த பிறகுதான் பொதுமக்கள் கண்ணில் பட்டது. அதாவது போல்டர் மூத்தது, டெஸ்க்டொப் இளையது. காகிதத்தில் கட்டளை அடித்தே நடத்த முடிந்த ஒரு வேலையை, பத்து அங்குலத் தொடுதிரையில் விரலால் நடத்த முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

2010இல் முதல் ஐபேட் வந்தபோது அதில் பைல்களைப் பார்க்க என்று ஓர் இடமே கிடையாது. ஒவ்வொரு ஆப்பும் தன் பைலைத் தன் அறைக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும், வெளியே எடுக்க வேண்டும் என்றால் கணினியோடு இணைத்து ஐடியூன்ஸ் என்ற அப்பிள் மென்பொருள் வழியாகப் போக வேண்டும். 2011இல் ஐஓஎஸ் 5 வரும்வரை ஒரு புது ஐபேட்டை முதன்முதலில் இயக்கவே கணினி தேவைப்பட்டது. இது முக்கியமான விஷயம். டெப்பில் பைல் நிர்வாகம் தேவையில்லை என்ற முடிவை எடுத்தவர்கள், வாங்குகிறவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கும், பைல் வேலையெல்லாம் அங்கே நடக்கும் என்று வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். கணினிகள் லொறி மாதிரி, எல்லாருக்கும் லொறி தேவைப்படாது என்ற கருத்தை அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் 2010இலேயே ஒரு மேடையில் சொன்னார். அவர் இருந்த இடத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். லொறியே வாங்காமல் நேராக டெப்புக்கு வந்த வீடுகளைப் பற்றி அந்தப் பேச்சில் ஒன்றும் இல்லை, எங்கள் பக்கத்து மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் இருப்பவை அந்த வீடுகள்தான்.

ஆப்புக்கு ஆப் சுவர் எழுப்பியதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பென் டிரைவைப் போட்டதும் போல்டர் எல்லாம் ஷோட்கட்டாக மாறிவிடும் வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? கடைக்குக் கடை, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் பரவியது. ஓர் ஆப் இன்னோர் ஆப்பின் பைலில் கைவைக்க முடியாது என்ற ஏற்பாட்டால் அந்தத் தொல்லை டெப்பில் இல்லாமல் போனது, நல்லது. ஆனால் ஆப்பிடம் இருந்து ஆப்பைப் பாதுகாக்கிறது வேறு, பைலின் சொந்தக்காரரிடம் இருந்தே பைலை மறைக்கிறது வேறு.

அப்பிள் மெதுவாகப் புரிந்துகொண்டது. 2017இல் ஐஓஎஸ் 11 உடன் பைல்ஸ் ஆப் வந்தது, 2019இல் ஐபேட்ஓஎஸ் 13இல் பென் டிரைவ் குத்திப் படிக்க முடிந்தது, 2020இல் மௌஸ், 2022இல் பல விண்டோக்களை ஒன்றாக வைத்துப் பாவிக்கிற ஸ்டேஜ் மேனேஜர், 2025இல் ஐபேட்ஓஎஸ் 26 வந்தபோது விருப்பம்போல இழுத்துச் சுருக்கும் விண்டோவும் மேலே மெனு பட்டையும். கடைசியில் வந்ததற்குத்தான் எல்லாரும் கை தட்டினார்கள். என் கணக்கில் 2017உம் 2019உம்தான் பெரிய வருடங்கள், அந்த ரெண்டு வருடத்தில்தான் ஐபேட் ஒரு வீட்டின் ஒரே கணினியாக இருக்கத் தகுதி பெறத் தொடங்கியது.

அண்ட்ரொய்ட் எதிர்த்திசையில் நடந்தது. தொடக்கத்தில் பொதுச் சேமிப்பிடம் முழுக்கத் திறந்து கிடந்தது, அனுமதி வாங்கிய எந்த ஆப்பும் அதில் எதையும் தோண்டலாம், அது அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று 2019இல் அண்ட்ரொய்ட் 10 கதவுகளை அடைக்கத் தொடங்கியது, 2020இல் அண்ட்ரொய்ட் 11 அதை இறுக்கியது. காரணம் சரி. விளைவைப் பாருங்கள்: வட்ஸ்அப்பில் வந்த ஒரு வினாத்தாளை பைல் மேனேஜரில் தேடிப் போக வேண்டுமென்றால் அண்ட்ரொய்ட், அதற்குள் மீடியா, அதற்குள் கொம் டொட் வட்ஸ்அப், அதற்குள் வட்ஸ்அப், அதற்குள் திரும்பவும் மீடியா, அதற்குள் வட்ஸ்அப் டொகியுமென்ட்ஸ். ஆறு படி இறங்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் இது விளங்கும். கடந்தகால வினாத்தாள், பயிற்சித்தாள், நோட்ஸ் எல்லாம் பிடிஎஃப்பாக வட்ஸ்அப் குரூப்பில் வரும். பிள்ளை அதைத் திறந்து பார்க்கும், ஒரு குறிப்பு ஆப்பில் போட்டு அதன் மேலேயே விடை எழுதும். எழுதிய நிமிடத்தில் ரெண்டு பிரதி ஆகிவிட்டது, எழுதாதது ஒன்று, எழுதியது ஒன்று. எழுதியதை எனக்கு அனுப்ப ஏற்றுமதி செய்தால் மூன்றாவது. நான் திருத்தி அனுப்பினால் நாலாவது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒன்று, ரெண்டு என்று இலக்கம். பரீட்சைக்கு முதல் கிழமை, "சேர், நீங்க திருத்தின பேப்பர் எங்க இருக்குன்னு தெரியல சேர்" என்று வந்து நிற்பார்கள். டெப்புக்குள் இருக்கிறது, அது நிச்சயம். எந்த ஆப்பின் அறைக்குள் என்பதுதான் தெரியாது. ஒரு மாணவி, நல்ல கெட்டிக்காரி, இடம் போதவில்லை என்று அந்தக் குறிப்பு ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். ஆப்போடு சேர்ந்து அவள் எழுதிய இரசாயனவியல் நோட்ஸ் முழுக்கப் போய்விட்டது. அவளுடைய கையெழுத்து, அவளுடைய உழைப்பு, அது ஆப்பின் உடைமை என்று எந்த நியாயத்தில் முடிவானது? வோர்ட் போன்ற மென்பொருளைக் கணினியில் இருந்து நீக்கினால் நாம் எழுதிய கடிதங்கள் அழிந்துபோவதில்லையே.

பிரின்ட் எடுக்கிற கதை தனி. ஊரில் கொமியூனிகேஷன் கடைதான் நமக்கு அலுவலகம், போட்டோகொப்பி, பிரின்ட், ரீலோட், பைண்டிங் எல்லாம் அங்கே. "தம்பி, பென் டிரைவ் இருக்கா, இல்லாட்டி இந்த நம்பருக்கு வட்ஸ்அப் பண்ணுங்க" என்பார் கடைக்காரர். அடையாள அட்டை விண்ணப்பத்தில் இருந்து வங்கிப் புத்தகப் பிரதி வரைக்கும் முன்பின் தெரியாத ஒரு நம்பருக்குப் போகிறது, ஏனென்றால் டெப்பில் இருந்து பென் டிரைவுக்கு ஒரு பைலை எடுத்து வைக்கிற வழி பாதிப்பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் அந்த டெப் பென் டிரைவைப் படிக்குமா என்பது நிச்சயமில்லை. பைல் நிர்வாகம் எளிதாக இருந்தால் அந்தரங்கம் கெட்டுவிடும் என்பவர்கள் இந்தக் கடையில் ஒரு மணித்தியாலம் நின்று பார்க்க வேண்டும்.

அப்புறம் பாமினி. இலங்கையில் பழைய தமிழ் வோர்ட் பைல்களை எடுங்கள், பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கணினியில் அந்த எழுத்துருவைப் போட்டால் தமிழ் தெரியும், போடாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான். எழுத்துருவும் ஒரு பைல்தானே. கணினியில் அதை வலது கிளிக் செய்து நிறுவிவிடலாம். ஐபேட்டில் 2019 முதல் ஆப் வழியாக எழுத்துரு நிறுவ இடம் இருக்கிறது, அண்ட்ரொய்ட் டெப்களில் பெரும்பாலும் அந்த அளவு நேர்வழிகூட இல்லை. டெஸ்க்டொப் கேட்கிறவர்களின் வாதத்தில் எனக்கு மறுக்க முடியாமல் இருப்பது இந்த இடம்தான்.

இதற்கெல்லாம் இணையத்தில் பைலை வைக்கிற மேகச் சேமிப்பு இருக்கிறதே, எல்லாம் தானாக மேலே போய்விடும், தேடினால் கிடைக்கும் என்பார்கள். நகரத்தில் கிடைக்கும். 2020, 2021இல் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது கவரேஜ் தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கும் பாறைக்கும் ஏறியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அப்போதைவிட இப்போது பரவாயில்லை, ஆனாலும் பள்ளத்தில் இருக்கிற தோட்டத் தொழிலாளர் லய வீடுகளில் ஒரு பார் வந்து போகிற நிலைமை இன்னும் இருக்கிறது, மழையோடு கரண்ட் போனால் வீட்டில் வைபை இருந்தும் இல்லை. 2022 மார்ச்சில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். டெப்பின் பெட்டரி தாக்குப்பிடித்தது, ரவுட்டர் தாக்குப்பிடிக்கவில்லை. கையில் இருக்கிற சாதனத்துக்குள் இருக்கிற பைல்தான் அந்த நேரத்தில் நமக்கு உள்ள பைல். டேட்டாவுக்குக் காசு கொடுத்து ஏற்றி, அதே பைலை இறக்கத் திரும்பவும் காசு கொடுப்பது எல்லா வீட்டாலும் முடியாது.

சரி, அப்படியானால் முழு டெஸ்க்டொப்பையே கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மைக்ரோசொஃப்ட் 2012இல் வின்டோஸ் 8 உடன் சர்ஃபேஸ் ஆர்டி என்ற டெப்பை இறக்கியது. டெஸ்க்டொப் தோற்றம் இருந்தது, பழைய வின்டோஸ் மென்பொருள் ஒன்றையும் நிறுவ முடியாது. அடுத்த வருடம் விற்காத சரக்குக்காக 90 கோடி டொலர் நட்டம் எழுதினார்கள். பின்னால் வந்த மலிவு வின்டோஸ் டெப்களில் உண்மையான வின்டோஸே இருந்தது, 32 ஜிபி இடத்தில் அதுவே பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் பெரிய அப்டேட் வந்தால் இடமில்லை என்று நிற்கும். மௌஸ் முனைக்காக அளந்து செய்த பட்டனை விரலால் தொட்டால் பக்கத்துப் பட்டன் அமுங்கும். பழைய டெஸ்க்டொப் மென்பொருளே ஓட வேண்டும் என்று நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செகண்ட் ஹேண்ட் லெப்டொப் வாங்குவது நல்லது, அதே காசுக்குக் கிடைக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். டெப்பைத் திறந்ததும் முன்பக்கத்திலேயே என் பைல்கள் என்று ஓர் இடம் இருக்க வேண்டும். எந்த ஆப்பில் உருவாக்கினாலும், எதில் வந்து விழுந்தாலும், அங்கே போல்டர் போட்டுப் பெயர் வைத்து வைக்க முடிய வேண்டும். ஓர் ஆப் அந்த பைலைத் திறந்தால் அதே பைலில் எழுத வேண்டும், பிரதி எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆப்பை அழித்தால் என் பைல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பென் டிரைவைக் குத்தினால் தெரிய வேண்டும். இதில் பல இன்றைக்கே முடியும், அப்பிளும் கூகுளும் அதற்கான வசதியைச் செய்து வைத்திருக்கின்றன, ஆப் செய்கிறவர்கள்தான் பாவிப்பதில்லை, அவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

இந்தத் தலைமுறைக்குப் போல்டரே தேவையில்லை, தேடித்தான் எடுப்பார்கள் என்ற பேச்சும் உண்டு. போல்டர் என்றால் என்னவென்றே விளங்காத மாணவர்களைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர்கள் சொன்னது 2021இல் அங்கே பெரிய செய்தியானது. தேட வேண்டுமென்றால் பெயர் தெரிந்திருக்க வேண்டும், வட்ஸ்அப்பில் வருகிற பைலின் பெயர் பலநேரம் வெறும் இலக்கம். என் அக்காவின் மகள் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள், பாடத்திட்டம், கற்பித்தல் குறிப்பு, படங்கள் எல்லாம் டெப்பில்தான். பாடத்துக்கு ஒரு போல்டர், அதற்குள் தவணைக்கு ஒன்று என்று ஒரு பின்னேரம் உட்கார்ந்து காட்டினேன். "மாமா, இத ஏன் யாருமே சொல்லித் தரல?" என்று கேட்டாள். இப்போது அவளுடைய கூட்டாளிகள் தொலைந்த பைலைக் கேட்டு அவளிடம்தான் வருகிறார்கள்.

பிள்ளைக்கு டெப் வாங்கப் போகிற பெற்றோர் என்னிடம் கேட்டால், திரை எத்தனை அங்குலம் என்பதற்கு முதல் ஒரு பென் டிரைவையும் அதைக் குத்துகிற ஓடிஜி கனெக்டரையும் கடைக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். கடையிலேயே குத்திப் பாருங்கள், அதில் இருக்கிற ஒரு பிடிஎஃப்பை டெப்புக்குள் நீங்கள் போட்ட போல்டருக்குக் கொண்டுவந்து, நெட்டை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.