ஒரு எழுத்து மாறினா ஆடு கொழுத்துடுமா?

"வளர்ச்சிக்கான ஜீன் கண்டுபிடிச்சாச்சு"ன்னு தலைப்ப பார்த்தாலே நான் முதல்ல தேடறது எத்தனை ஆட்டுல பார்த்தாங்கங்கறதுதான். அறுபது எழுபது ஆட்டு ரத்தத்த எடுத்து வளர்ச்சி ஹார்மோன் ஜீன்ல ஒரே ஒரு இடத்த பிசிஆர் (டிஎன்ஏவ நகலெடுத்துப் பெருக்கற முறை) பண்ணிப் பார்த்துட்டு இந்த வகை இருக்கற குட்டி எடை கூடன்னு எழுதிடறாங்க, வேற மந்தைல பார்த்தா அந்த வித்தியாசம் காணாமப் போயிடுது. பாதி குட்டி ஒரே கிடாவுக்குப் பிறந்ததா இருந்தா அந்தக் கிடாவோட மத்த ஜீனெல்லாமும்தான் சேர்ந்து வந்திருக்கும், மார்க்கர், அதாவது அடையாளத்துக்குப் பார்த்த அந்த டிஎன்ஏ இடம், சும்மா கூட ஒட்டிக்கிட்டு வந்ததாக்கூட இருக்கலாம்ல.

அதுக்காக எல்லாமே புரூடான்னு சொல்லல. டெக்சல் செம்மறி இருக்கே, பின்தொடைல அவ்ளோ சதை. மயோஸ்டாட்டின்னு ஒரு ஜீன், தசை வளர்ச்சிக்கு பிரேக் மாதிரி. டெக்சல்ல அந்த ஜீன் உண்டாக்கற புரதத்துல ஒரு மாற்றமும் இல்ல, புரதத்துக்கான பகுதி முடிஞ்சப்புறம் வர்ற வால் பகுதில டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஜி இருக்க வேண்டிய இடத்துல ஏ, அவ்ளோதான். ஆனா அந்த ஒரு எழுத்தால தசைல இருக்கற மைக்ரோ ஆர்என்ஏ (ஜீனோட வேலைய அடக்கற குட்டி ஆர்என்ஏ துண்டு) வந்து ஒட்டிக்க ஒரு இடம் கிடைச்சுடுது, மயோஸ்டாட்டின் உற்பத்தி குறைஞ்சுடுது. 2006ல வந்த ஆய்வு, எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

பெல்ஜியன் ப்ளூ மாட்டுல அதே ஜீன்ல 11 எழுத்தே காணோம், பிரேக் மொத்தமா போச்சு. கன்னு பெருசா இருக்கும், தாயோட இடுப்பு வழி குறுகல், அதனால பெரும்பாலும் சிசேரியன்தான். பன்னில ஹாலோத்தேன் ஜீனும் இப்படித்தான், கொழுப்பில்லாத கறி வரும், ஆனா வண்டில ஏத்தற பதட்டத்துலயே செத்துப்போகும், கறி வெளிறி தண்ணி விடும். ஹாலோத்தேன்ங்கறது ஒரு மயக்க மருந்து, முன்னாடில்லாம் அத மோக்க வெச்சு எந்தக் குட்டிக்கு கால் விறைக்குதுன்னு பார்த்துதான் ஒதுக்குவாங்க, 1991ல எந்த மாற்றம்னு தெரிஞ்சப்புறம் டிஎன்ஏ டெஸ்ட் வந்துடுச்சு.

பன்னிலயே ஐஜிஎஃப்2ன்னு ஒரு வளர்ச்சி ஜீன், அது இன்னும் வேடிக்கை, அப்பன்கிட்டருந்து வந்தாத்தான் குட்டியோட சதைல தெரியும், அம்மா குடுத்தது சும்மா கிடக்கும்!

இந்த மாதிரி பெரிய விளைவு தர்ற ஜீன விரல் விட்டு எண்ணிடலாம், மத்ததெல்லாம் ஆயிரக்கணக்குல, ஒவ்வொண்ணும் துளித்துளியாத்தான் எடைய மாத்தும். அதனாலதான் 2001ல வந்த ஜீனோமிக் செலக்ஷன் (மொத்த டிஎன்ஏவயும் பார்த்து நல்ல விலங்க தேர்ந்தெடுக்கறது) யோசனைப்படி இப்ப டிஎன்ஏ சிப்புல அம்பதாயிரம் மார்க்கர மொத்தமா பார்க்கறாங்க. ஆனா ஒரு இனத்துல போட்ட கணக்கு இன்னொரு இனத்துக்கு சரியா வராது, அந்தந்த இனத்துலயே நிறைய கன்னுங்கள எடை போட்டு குறிச்சு வெச்சிருக்கணும். டெஸ்ட் விக்க வர்றவங்ககிட்ட அந்த எடை நோட்டு எங்கன்னு முதல்ல கேளுங்க.