கூத்துக் களரிக்கும் தறிக்கும் இரண்டு லென்ஸ்கள்

மட்டக்களப்புக் கூத்துகளையும் இப்பகுதிக் கைத்தொழில்களையும் பிலிமில் ஆவணப்படுத்தும் பணியில் 35 மி.மீ. எஃப் 2, 105 மி.மீ. எஃப் 2.5 ஆகிய இரண்டு நிக்கோர் லென்ஸ்களே என் பையில் இருக்கின்றன. எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் துவாரம் பெரிதாகி, கூடுதல் ஒளி உள்ளே வரும். ஒரு சுருளை ஏற்றிவிட்டால் அதன் 36 படங்களுக்கும் ஒரே ஐஎஸ்ஓதான், அதாவது ஒரே ஒளியுணர்திறன்தான். இலக்கமுறைக் கமராவைப் போல வெளிச்சம் குறையும்போது அதை இடையில் உயர்த்த இயலாது. எனவே எத்தனை கோணங்கள் கைவசம் உள்ளன என்பதைவிட, ஒவ்வொரு லென்ஸும் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

இதை எனக்குக் கற்பித்தது, மட்டக்களப்புக் கூத்து மரபுகளுள் ஒன்றான வடமோடிக் கூத்து. பார்வையாளர்கள் நாற்புறமும் அமர்ந்திருக்கும் வட்டக்களரியில், சில மின்விளக்குகளின் ஒளியில், 400 ஐஎஸ்ஓ சுருளுக்கு எஃப் 2இல் 1/60 வினாடி ஷட்டர் வேகம் கிடைத்தாலே பெரிது. களரி முழுவதையும் கூத்தைப் பயிற்றி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்தோடு சேர்த்துப் பிடிக்க 35க்கு அது போதும். எதிர்ப்பக்கத்தில் ஆடுபவரின் முகத்தை 105இல் எடுப்பதற்கோ, கை நடுக்கம் அதில் பெரிதாகத் தெரியும் என்பதால், 1/125க்குக் குறையாத வேகம் வேண்டும். ஆகவே அந்தச் சுருளை 1600 எனக் கணித்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டுகிறேன். நிழல்களில் விவரம் இழக்கப்படுகிறது என்றாலும், ஒப்பனையிட்ட முகம் தெளிவாக நிற்கிறது. ஆறு மீற்றர் தூரத்தில், துவாரத்தை முழுமையாகத் திறந்த 105இல் ஏறத்தாழ அரை மீற்றர் ஆழமே கூர்மையாக இருக்கும் என்பதால், பாத்திரம் களரிக்குள் நுழையும் வரவு ஆட்டத்தில் ஆடுபவர் வட்டத்தின் எந்த இடத்தில் என் பக்கம் திரும்புகிறாரோ அந்த இடத்துக்கே முன்கூட்டிக் குவியம் வைத்துக் காத்திருக்கிறேன்.

கமராவோடு வழக்கமாகக் கிடைக்கும் 50 மி.மீ. லென்ஸை நான் விட்டதற்கு மருதமுனையின் நெசவுக் கொட்டில்கள் காரணம். அங்கே பின்னால் நகர இடமில்லை. இரண்டு மீற்றர் தூரத்தில் 50 ஏறத்தாழ 1.4 மீற்றர் அகலத்தையே காட்டும். நெசவாளர் வருவார், தறி வெட்டுப்படும். 35 இரண்டு மீற்றருக்குச் சற்று மேல் காட்டுவதால், கையும் தறியும் பாவும் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்கள்) ஒரே சட்டகத்துள் அமைகின்றன.

பகலில் சிக்கல் நேர்மாறானது: ஒளி மிதமிஞ்சியது. கல்லடி வாவிக்கரையின் உச்சி வெயிலில் 400 சுருளோடு 1/1000 வைத்தாலும் எஃப் 11க்குக் கீழே இறங்க முடியாது. மஞ்சள் வடிகட்டி ஒரு படி ஒளியைக் குறைத்து எஃப் 8க்கு இடம் தருகிறது. நீல வானத்தையும் சற்றுக் கருமையாக்குகிறது. இரண்டு லென்ஸ்களுக்கும் முன்வளையம் 52 மி.மீ. என்பதால் ஒரே வடிகட்டி போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் லென்ஸ் மாற்றுவதையே தவிர்க்கிறேன், ஏனெனில் பிலிம் ஓடும் பாதையில் சிக்கும் ஒரு மணற்துகள் சுருளின் நீளத்துக்கும் கீறலிட்டுவிடும்.

மூன்றாவதாக எதை வாங்கலாம் என்று கேட்கும் இளையவர்களுக்கு, இரவுக் கூத்தே அவர்களது முதன்மைப் பணியாக இருந்தால், 28 மி.மீ. அகலக்கோண லென்ஸை அல்ல, 50 மி.மீ. எஃப் 1.4ஐயே பரிந்துரைக்கிறேன், அதே வெளிச்சத்தில் 1/60 என்பது 1/125 ஆகிவிடும்.