கில்வா, கூரை, காற்று

பிப்ரவரி 3
இன்றும் தகவல் வரவில்லை. இடைக்காலத்தில் செழித்த கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகத் தீவு கில்வா. அங்கே காற்று திரும்பும்வரை யாரும் பாய் விரிக்க முடியாது.

பிப்ரவரி 4
வாடைக்காற்று டிசம்பர் முதல் மார்ச் வரை. ஏடனிலிருந்து வரும் கப்பல் அதில் கில்வாவரை இறங்கி, ஏப்ரலில் எதிர்க்காற்று எழுந்ததும் ஊர் திரும்பிவிடலாம். தெற்கே, இன்றைய மொசாம்பிக்கில் உள்ள சொஃபாலாவரை போனால் அந்தக் காற்றைத் தவறவிட்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தங்கமோ சொஃபாலாவில்தான் கரைக்கு வரும். உள்ளூர்ப் படகில் அதை ஏற்றிவந்து கில்வாக்காரர்கள் விற்றார்கள், சுல்தானுக்கு வரி. படைபலத்தால் ஆண்டார்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை.

பிப்ரவரி 6
கூரை.

பிப்ரவரி 7
மறுபடி கூரைதான். கில்வாவில் சுவருக்குத் தரையில் வெட்டிய பவளக்கல். கதவு நிலைக்கும், பள்ளிவாசலில் தொழுகைத் திசை காட்டும் மாடமான மிஹ்ராபுக்கும் கடலுக்கடியில் எடுத்த உயிர்ப்பவளம். ஈரம் இருக்கும்போதே செதுக்கிவிட வேண்டும், காய்ந்து இறுகினால் உளி இறங்காது. சுண்ணாம்புக்கும் பவளமே: அலையாத்தி விறகை வட்டமாக அடுக்கி, மேலே பவளத்தைக் குவித்துச் சுட்டு, மாதக்கணக்கில் நீறவிடுவார்கள். அரைகுறையாக நீறியதைக் குழைத்துப் பூசினால் சுவரில் ஏறிய பிறகு ஊதி வெடிக்கும். கூரைக்கு அலையாத்திக் கழி. அதன்மேல் கல்லும் சுண்ணாம்பும் கலந்த கனத்த தளம். கழி தாங்குவது இரண்டரை, மூன்று மீட்டர்தான். எவ்வளவு தங்கம் இருந்தாலும் அறை ஒடுக்கம்தான். நீளத்தில் மட்டும் பெருமை காட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9
போன் அடித்தது. வேறு யாரோ.

பிப்ரவரி 12
1331இல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா கில்வாவுக்கு வந்தபோது சுல்தான் ஹஸன் இப்னு சுலைமான். ஹுசுனி குப்வா அரண்மனை அவருடையது: நூற்றுக்கும் மேல் அறைகள், எண்கோணக் குளம். கட்டி முடிக்கவே இல்லை. ஊரின் பெரிய பள்ளிவாசலையும் தெற்கே பெரிதாக நீட்டினார்கள். அந்தக் கூரை விழுந்தது. யேமன் பக்கீர் ஒருவர் கேட்டாரென்று உடுத்தியிருந்த உடையையே கொடுத்த மனிதர் ஹஸன். அடுத்து வந்த தம்பி தாவூத், கேட்டு வந்தவர்களிடம், கொடுத்தவர் செத்துப்போனார், கொடுக்க ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை என்பாராம். அரண்மனை பாதியில் நின்றதற்கு இதுவே காரணம் என்பது என் ஊகம்.

பிப்ரவரி 13
1505 ஜூலை. போர்த்துகீசியத் தளபதி அல்மெய்தாவின் கப்பல்கள், கொள்ளை, கோட்டை. இன்று அதை எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 15
விழுந்த பள்ளிவாசலை 15ஆம் நூற்றாண்டில்தான் எடுத்துக் கட்டினார்கள். கழியை நம்பவில்லை, வளைவுகள், குவிமாடங்கள். ஆனால் வளைவு பாரத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும், அதைத் தாங்கத் தூண் தடிக்க வேண்டும், தூண் தடித்தால் சுண்ணாம்பு பல மடங்கு, அதற்கு எத்தனை காளவாய் விறகு? நாளை போட்டுப் பார்க்க வேண்டும்.